பூனைவணங்கி வேரும் பதினேழு பூனைகளும்

1997 ஆகஸ்டு 3, ஞாயிற்றுக்கிழமை. காலை 5.20-க்கு எழுந்தேன். 5.25 முதல் 5.40 வரை ஜெபம். 5.45-க்கு மொட்டைமாடிக்குப் போய், இரண்டு நிமிடம் நல்ல காற்றை மூக்கில் நிரப்பிக்கொண்டு, மீண்டும் அறைக்குள் வந்து முகர்ந்து பார்த்தேன். வாடை: பத்துக்கு எட்டு. 5.50-க்கு மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

இவ்வளவும் என் நாட்குறிப்பில் உள்ளபடி. நாட்குறிப்பு எழுதுகிறவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. மற்றவர்கள் தாங்கள் செய்த முட்டாள்தனத்தை நாலைந்து வருடத்தில் மறந்துவிடலாம், அல்லது கொஞ்சம் மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம். எங்களால் முடியாது. மணி, நிமிடத்தோடு எங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. வேதியியல் பட்டம் வாங்கி, திருக்கழுக்குன்றத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். ஆய்வகத்தில் இருந்த நூற்று நாற்பது புட்டிகளுக்கும் முதல் வாரத்திலேயே புதிய பெயர்ச்சீட்டு ஒட்டிவிட்டேன். உலகத்தில் உள்ள எல்லாப் பிரச்சினையும் சரியான பெயர்ச்சீட்டு இல்லாததால் வருவது என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

அறை மாடியில் இருந்தது. பள்ளியிலிருந்து ஏழு நிமிட நடை. ஒரு சன்னல் மலையைப் பார்த்து இருக்கும். இன்னொரு சன்னல் மீன் சந்தையைப் பார்த்து. முன்பு குடியிருந்தவர் மாமல்லபுரத்துக் கடைகளுக்குக் கல் சிலை செதுக்கித் தருகிறவர். தனி ஆள். (தனி ஆள் என்று வீட்டுக்காரம்மா சொன்னார். ஆறு பூனைகள் உடன் வசித்ததைப் பிறகுதான் சொன்னார்.) அவர் போகும்போது பூனைகளைக் கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாடையை எனக்கென்று வைத்துவிட்டுப் போனார்.

பூனை வாடையை நெருங்கி அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அழுகிய வெங்காயத்தை அம்மோனியாவில் ஊறவைத்து, ஈரக் கம்பளியில் சுற்றி, யாரோ உங்கள் தலையணைக்குக் கீழே வைத்ததுபோல் இருக்கும். மழை வந்தால் கூடும். வெயில் அடித்தாலும் கூடும்.

வேறு அறை பார்த்திருக்கலாமே என்பீர்கள். பார்த்தேன். ஐந்து வீடுகளில் முதலில் பெயரைக் கேட்டார்கள். எஸ்தர் என்றேன். பிறகு ஊரில் எந்தப் பக்கம் வீடு என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு ஐந்து வீடும் ஒரே நொடியில் காலியில்லாமல் போய்விட்டது. ஆறாவது வீட்டுச் சரோஜா அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: “பூனை வளப்பியா?” இல்லை என்றேன். “அப்ப சாவிய புடி” என்றார். என்னை அவர் ‘டீச்சர்’ என்றே கூப்பிட்டார். நான் டீச்சர் இல்லை என்று இரண்டு முறை திருத்திவிட்டு, மூன்றாம் முறை விட்டுவிட்டேன்.

அப்படிப்பட்ட சரோஜா அம்மாவிடம் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பேச முடியாது. இரண்டாம் நாள் மெல்ல ஆரம்பித்தேன்.

“அம்மா, ரூம்ல லேசா ஒரு வாடை வருது…”

“இன்னா வாடை?”

“பூனை வாடை மாதிரி…”

“எனுக்கு ஒண்ணும் வர்லியே! நாப்பது வர்ஷமா இந்த வூட்ல கீறேன். வாடை கீதுன்னு சொல்ற மொத ஆளு நீதான். புடிக்கலன்னா சொல்லு டீச்சர், வேற ஆளு நிக்கிது.”

அதன்பிறகு அந்த வார்த்தையை நான் எடுக்கவில்லை. ரகசியமாகப் போரிட்டேன். பினாயில் போட்டேன்; பினாயிலில் குளித்த பூனை மாதிரி வாசம் வந்தது. சாம்பிராணி போட்டேன், பூனை ஆராதனைக்குப் போய் வந்ததுபோல் இருந்தது. ஆப்ப சோடா, எலுமிச்சை, பாச்சை உருண்டை, வேப்பிலைப் புகை எல்லாவற்றையும் தேதிவாரியாகக் குறித்திருக்கிறேன். ஜூலை 24 அன்று பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினேன். அம்மோனியா உள்ள இடத்தில் அதை ஊற்றக்கூடாது என்று எங்கள் ஆய்வகச் சுவரில் என் கையெழுத்திலேயே எழுதி ஒட்டியிருந்தேன். ஒரு மணி நேரம் மொட்டைமாடியில் உட்கார்ந்து இருமினேன். அன்று வாடை பத்துக்குப் பதினொன்று.

இவ்வளவு பாடு எதற்கென்றால், அப்பா வரப் போகிறார். அப்பா மட்டும் வந்தால் பரவாயில்லை. அவர் கொத்தனார் மேஸ்திரி. சிமெண்ட் கலவை சரியில்லை என்றால் தவிர வேறு எதற்கும் குரல் உயர்த்தாதவர். கூட வருவது அவருடைய அக்கா, என் செங்கல்பட்டு அத்தை. அத்தையின் மூக்குக்கு எங்கள் குடும்பத்தில் தனி மரியாதை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, உள்ளே கொதிப்பது இன்றைய குழம்பா நேற்றைய குழம்பா என்று சொல்லிவிடுவார்.

அந்த அத்தைக்கு டேவிட் என்று ஒரே மகன். வீடியோ கேசட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். மிக நல்லவர். பகலில் தூங்குவார், மாலையில் ஓய்வெடுப்பார்.

அப்பா போட்ட நிபந்தனை இது: “ஞாயித்துக்கெழம அக்காவோட வந்து பாக்கறேன். மனுஷங்க இருக்கற எடமா இருந்தா இரு. இல்லன்னா அத்த வூட்லேந்து பஸ்ல வேலைக்குப் போ.” அத்தை வீட்டில் தங்கினால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும், அத்தைக்கும் தெரியும், தூக்கத்திலேயே டேவிட்டுக்கும் தெரியும். மூன்று மாதத்தில் எனக்குக் கல்யாணச் சீலை எடுத்திருப்பார்கள். எனக்கோ முதல் முறையாக ஒரு கதவு, அதற்கு ஒரு சாவி, அந்தச் சாவி என் கையில். அதை ஆறு பூனைகளின் மூத்திரத்துக்குத் தோற்றுக் கொடுக்க நான் தயாராக இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் எனக்கு வழி கிடைத்தது. எங்கள் பள்ளியில் ஒரு மூலிகைத் தோட்டம் உண்டு. (தோட்டம் என்பது மரியாதைக்கு. எட்டுச் செடிகளும் பதினைந்து பெயர்ப்பலகைகளும்.) அதில் ஒரு பலகையில் பச்சைப் பெயிண்டில் எழுதியிருந்தது: ‘குப்பைமேனி. வேறு பெயர்: பூனைவணங்கி.’

நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். பூனைவணங்கி! சிறியாநங்கை இருக்கும் இடத்தில் பாம்பு அண்டாது என்கிறார்கள். ஆடுதொடாவை ஆடு தொடாது. அப்படியானால் பூனைவணங்கி? எங்கள் தலைமையாசிரியர் ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசியாக என்ன சொல்வார்? “வணங்கி விடைபெறுகிறேன்.” வணங்கியவர் மேடையில் நிற்பாரா? இறங்கிப் போய்விடுவார். ஆக, இந்தச் செடியைக் கண்ட பூனை வணங்கி விடைபெறும். பூனையே போகும்போது அதன் வாடை எம்மாத்திரம்? பக்கத்திலேயே தமிழாசிரியர் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பலகை தெளிவாக இருக்கும்போது ஆளை ஏன் கேட்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். அன்றைய நாட்குறிப்பில் இரண்டு முறை அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன்: ‘தீர்வு கிடைத்தது. வீரியம் வேரில் இருக்கும்.’

சனிக்கிழமை மாலை வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் குப்பைமேனி பிடுங்கினேன். களைச்செடி; வேண்டிய மட்டும் கிடைத்தது. ஒரு வாளி நிரம்பி இரண்டாவது வாளிக்குப் போகும்போது சரோஜா அம்மா வந்துவிட்டார்.

“இன்னா டீச்சர், குப்பைமேனி புடுங்கிகினு கீற?”

வாடைக்கு என்று சொன்னால் சாவி போய்விடும். வாயில் வந்ததைச் சொன்னேன். “கொஞ்சம் சொறி… அதுக்குத்தான்.”

அவர் இரண்டு அடி பின்னால் போனார். “சொறியா? அதுக்குத் தழைய அரச்சி மஞ்சள் வெச்சிப் பூசுவாங்க. நீ வேர இல்ல சேத்து வெச்சிகினு கீற?”

“வேர்தான் நல்லதுன்னாங்க.”

“சர்தான், படிச்ச புள்ள. வூட்ல பூனை கீனை இல்லல்ல?”

பூனை என்ற சொல்லைக் கேட்டதும் வாளியைப் பின்னால் தள்ளினேன். “பூனையா? சேச்சே! ஒண்ணுகூட இல்லம்மா!”

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மாள் என்னை எச்சரிக்கத்தான் கேட்டார் என்று எனக்கு மறுநாள் பகல் வரை தெரியாது.

ஆகவே, 5.50-க்கு அடுப்பைப் பற்றவைத்தேன். வேர்களைக் கழுவி, நசுக்கி, பெரிய அலுமினியக் குண்டானில் போட்டு, பாதியாக வற்றும்வரை காய்ச்சினேன். வடிகட்டினேன். தரையை இரண்டு முறை துடைத்தேன். சுவரில் இடுப்பு உயரம் வரை பூசினேன். கதவு, நிலை, சன்னல் கட்டை, கட்டில் கால் எதையும் விடவில்லை. மிச்சமிருந்த பச்சை வேர்களை முடிச்சு முடிச்சாகக் கட்டி இரண்டு சன்னலிலும் தோரணம் விட்டேன். அன்று ஆராதனைக்குப் போகவில்லை. சுத்தமும் பக்திதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

9.10-க்கு மீன் சந்தைப் பக்கத்துச் சன்னலில் ஒரு வெள்ளைப் பூனை வந்து நின்றது. தோரணத்தை முகர்ந்தது. உள்ளே குதித்தது. நேராக என் முன்னால் வந்து முன்னங்கால்களை நீட்டி, தலையைத் தரையில் வைத்தது.

வணங்குகிறது!

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் புல்லரித்தது. நாட்குறிப்பை எடுத்தேன். ‘9.12. மூலிகை வேலை செய்கிறது.’ அடுத்தபடி விடைபெற வேண்டியதுதான் பாக்கி. கதவைத் திறந்து வழிவிட்டு நின்றேன். அந்த வழியாக இரண்டு பூனைகள் உள்ளே வந்தன.

10 மணிக்கு ஐந்து. 10.40-க்கு ஒன்பது. அந்த ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தை பூனை இல்லாமல் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். எல்லாமும் வணங்கின. வணங்கிவிட்டு அப்படியே மல்லாந்து புரண்டன. தரையில் கன்னத்தைத் தேய்த்தன. ஒன்று தோரணத்தில் ஒரு முடிச்சைப் பிடுங்கி இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, எச்சில் ஒழுக, கண் செருகிக் கிடந்தது. இன்னொன்று சாராயக்கடையிலிருந்து வருவதுபோல் நான்கு காலும் நான்கு திசையில் வைத்து நடந்து, சுவரில் முட்டி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. துடைப்பத்தால் விரட்டினேன். துடைப்பத்திலும் கஷாயம் இருந்தது. அதையும் கட்டிக்கொண்டன.

12.15-க்கு மாடிப்படியில் அத்தையின் குரல் கேட்டது. அப்போதைய கணக்கு: பதினேழு.

அத்தை கையில் டிபன் கேரியருடன் வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் அப்பா. பூனைகள் மட்டும் பேசிக்கொண்டிருந்தன.

“இன்னாடி எஸ்தரு இது? வூடா, பூனை ஆஸ்பத்திரியா?”

“அத்தை, அது… இன்னிக்கு மட்டும்தான்…”

“இன்னிக்கு மட்டும்னா? இதுங்களுக்கு இன்னா, கல்யாணமா?” அத்தை மூக்கைச் சுருக்கினார். “இது இன்னிக்கு நாத்தம் இல்ல. மாசக்கணக்கு நாத்தம். தம்பி, பாத்தியா? நான் பஸ்லியே சொன்னேனா இல்லியா? பொட்டிய கட்டுடி. டேவிட்டு ரூம காலி பண்ணி வெச்சிகினு கீறான்.”

சொல்லிக்கொண்டே டிபன் கேரியரைக் கீழே வைத்தார். வைத்த வேகத்தில் மூடி கழன்று, மேல்தட்டில் மீன் குழம்பு தெரிந்தது. போச்சு என்று பாய்ந்தேன். பாய்ந்திருக்க வேண்டியதில்லை. பதினேழு பூனைகளில் ஒன்றுகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒரு கறுப்புப் பூனை மட்டும் கேரியர் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கி, தரையை நக்கப் போனது.

அத்தையின் முகம் மாறிவிட்டது. “என் மீன் கொழம்ப… பூனகூட மோந்து பாக்கல!”

“அக்கா, அதுங்களுக்கு ஒடம்பு சரியில்ல போல” என்றார் அப்பா. அவர் அன்று பேசிய முதல் வார்த்தை.

இந்தச் சத்தத்துக்குச் சரோஜா அம்மா மேலே வந்தார். அத்தை ஒரு கையை என் தோளில் வைத்தபடி அவரைப் பிடித்துக்கொண்டார். “ஏம்மா, இந்த நாத்தத்துலயா ஒரு வயசுப் பொண்ண குடி வெப்ப?”

“இன்னா நாத்தம்? எங்க நாத்தம்? எங்கூட்டப் பத்திப் பேசாத. ஒங்கூட்டுப் பொண்ணுக்குத்தான் சொறி! அதுக்கு மருந்து காச்சிச்சி, அந்த வாசனைக்குப் பூன வந்துகீது. குப்பைமேனி வேருன்னா பூன மயங்கி ஓடியாரும்னு ஊருக்கே தெரியும். நேத்தே கேட்டேனே, பூன கீதான்னு! இல்லன்னிச்சே!”

என் தோளில் இருந்த அத்தையின் கை மெதுவாக எழுந்து தன் இடத்துக்குத் திரும்பிப் போனது.

“சொறியா?”

என் காலைக் கட்டிக்கொண்டிருந்த பூனையை விலக்கினேன்.

“எத்தினி நாளா?”

என் நாட்குறிப்பில் நான் பொய் எழுதியதில்லை. ஆகவே இங்கேயும் உள்ளபடி எழுதுகிறேன். 12.35-க்கு வலது முழங்கையைச் சொறிந்தேன். அரிக்கவில்லை.

அத்தை அரையடி நகர்ந்தார். நான் யோசித்தேன். இடது முழங்கையையும் சொறிந்தேன். கொஞ்சம் தாராளமாகவே.

“ஒட்டுற சொறியா?” என்று அத்தை சரோஜா அம்மாவைக் கேட்டார்.

“எனுக்கு இன்னா தெரியும்? நான் நேத்துலேந்து அது தொட்ட கொழாயத் தொடல.”

“இல்ல… டேவிட்டுக்கு சின்ன வயசுலேந்தே மேலு நாசுக்கு” என்றார் அத்தை. டிபன் கேரியரை முந்தானையால் பிடித்து எடுத்தார். “பாவம், புள்ளைக்கு ஒடம்பு தேறட்டும். அப்புறமா பேசிக்கலாம். ஒண்ணும் அவசரமில்ல. நீ இருந்து பாத்துட்டு வா தம்பி, எனுக்கு ஒண்ணரைக்கு பஸ் கீது.” படியில் இறங்கும்போது கைப்பிடியைக்கூட அவர் தொடவில்லை.

இப்போது அப்பா. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சுவரைத் தட்டிப் பார்த்தார். கலவை சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் அதே முகம். மூக்கைச் சுவரில் வைத்து மோந்தார். “செவுத்துல இல்ல” என்றார். தரையில் மண்டியிட்டு மோந்தார். “இங்கயும் இல்ல. மேல.”

மேலே பரண் இருந்தது. வீட்டுக்காரம்மாவின் சாமான் இருக்கிறது, தொடாதே என்று முதல் நாளே சொல்லியிருந்தார். தொடாதே என்றால் நான் தொட மாட்டேன். அதுதான் நான். அப்பா முக்காலியில் ஏறிப் பரணுக்குள் கையை விட்டார். கனத்த சாக்கு ஒன்றை விளிம்புக்கு இழுத்தார். சிலைக்காரர் மெருகேற்ற வைத்திருந்த கல் பொடி. ஆறு பூனைகள் ஆண்டுக்கணக்கில் அதைக் கழிப்பறையாகப் பயன்படுத்தியிருந்தன. நான் பதினெட்டு நாள் அதற்கு நேர் கீழே கட்டில் போட்டுப் படுத்திருந்தேன்.

சாக்கு இறங்கியதும் சரோஜா அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார். “அய்ய! இன்னா நாத்தம்! இத்த வெச்சிகினா டீச்சர் இவ்ளோ நாளு குடித்தனம் பண்ண? என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

அப்பா சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காலி மனையில் குழி தோண்டிப் புதைத்தார். திரும்பி வந்து கை கழுவிக்கொண்டே கேட்டார்.

“ஒனக்குச் சொறி இல்லல்ல?”

“இல்லப்பா.”

“தெரியும். சொறி இருக்கறவ விட்டு விட்டுச் சொறிய மாட்டா.” துண்டால் கையைத் துடைத்தார். “அக்காகிட்ட நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. கெணத்துத் தண்ணிய ஊத்தி ரூம கழுவு. பரணுக்கு நான் சுண்ணாம்பு அடிச்சிக் குடுத்துட்டு சாயந்திரம் போறேன். பூட்டு மட்டும் நல்லதா வாங்கிப் போடு.”

அவ்வளவுதான். நான் அழுதேனா என்று கேட்டால், வேதியியல் காரணங்கள் இருந்தன என்று சொல்வேன்.

அந்த அறையில் பிறகு நான்கு ஆண்டுகள் இருந்தேன். டேவிட் மச்சானுக்கு மறு வருடமே மறைமலைநகரில் பெண் கிடைத்தது. உண்மை எப்படியோ வெளியே வந்துவிட்டது. அத்தை இரண்டு கிறிஸ்துமஸ் என்னுடன் பேசவில்லை. டேவிட் மச்சான் மட்டும் நான் வீட்டு வாசலில் காலை வைத்ததும், “பூனைவணங்கி வந்துட்டாங்க, பால எடுத்து உள்ள வைங்க!” என்று இன்றைக்கும் கத்துகிறார். (இதற்கு மட்டும் விழித்திருக்கிறார்.) அவர் மகள் ஆறு வயது வரை அதுதான் என் பெயர் என்று நினைத்து, ‘பூனைவணங்கி சித்திக்கு’ என்று வாழ்த்து அட்டை எழுதியிருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் யாருக்காவது ஒரு இடத்துக்குப் போகப் பிடிக்கவில்லை என்றால், “முழங்கை அரிக்குது” என்றுதான் சொல்வார்கள்.

அந்த ஞாயிறு இரவு 9.30-க்கு விளக்கை அணைத்தேன். மறுநாள், ஆகஸ்டு 4, திங்கட்கிழமை. காலை 5.20-க்கு எழுந்தேன். முதல் வேலையாக, எப்போது கிளம்ப வேண்டிவருமோ என்று, வந்த நாளிலிருந்து உடுத்த ஒன்றை எடுத்ததும் பூட்டிக் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருந்த தகரப் பெட்டியை வெளியே இழுத்தேன். அதன் மூடிமேல் தூங்கிக்கொண்டிருந்த சாம்பல் பூனையை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே வைத்தேன். பெட்டியைத் திறந்து, என் புடவைகள் ஆறையும் எடுத்து, ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டேன்.